யவத்மாலில் கேட்ட மன்னிப்பு, மதுரையில் விழுந்த கல்

பெரிய பதவியில் இருந்த ஒருவர் "தப்பு நடந்துபோச்சு, பொறுப்பு என்னுடையது" என்று சொன்னால் அவரை மறுபடி நம்பலாமா என்ற பேச்சு வந்தாலே மதுரைக்காரர்கள் நேராகப் பாண்டியனிடம் போய் நிற்பார்கள். தீர்ப்புத் தவறிவிட்டது என்று தெரிந்த கணமே உயிரை விட்டான், இன்றைக்கு அப்படி யார் இருக்கிறார்கள் என்று கேட்பார்கள். எனக்கென்னவோ அந்தக் கதை இந்தக் கேள்விக்கு உதவாது என்றுதான் படுகிறது. செத்துப்போனவனை மறுபடி நம்புவதா வேண்டாமா என்று யாரும் முடிவெடுக்க வேண்டியதில்லை, அதோடு அரசன் தப்பை ஒப்புக்கொண்ட பிறகுதான் ஊர் எரிந்தது. அதனால் உயிரோடு இருந்து, மன்னிப்புக் கேட்டு, மறுபடி ஓட்டுக் கேட்டு வந்து, மறுபடி அதே நாற்காலியில் உட்கார்ந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் மேல் கல் விழுந்த ஊர் மதுரை என்பதால் நமக்கு இந்தக் கதையில் கொஞ்சம் பாத்தியதையும் உண்டு. இந்திரா காந்தி.

முதலில் நடந்ததைச் சுருக்கமாக. 1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை. 1977 மார்ச் வரை 21 மாதம். விசாரணை இல்லாமல் உள்ளே வைக்கப்பட்டவர்கள் நாடு முழுக்க 1 லட்சத்து 10 ஆயிரத்துக்கும் மேல் என்று, அடுத்து வந்த ஜனதா அரசு இதை விசாரிக்க அமைத்த ஷா கமிஷன் கணக்குச் சொன்னது. தமிழ்நாட்டுக்கு இது கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது, ஏனென்றால் இங்கே திமுக ஆட்சி இருந்தது, அது நெருக்கடி நிலையை எதிர்த்துத் தீர்மானமும் போட்டது. 1976 ஜனவரி 31 அன்று மாநில ஆட்சியைக் கலைக்க மத்திய அரசுக்கு இடம் கொடுக்கும் அரசியல் சட்டத்தின் 356-ஆவது பிரிவைக் கொண்டு அந்த ஆட்சியைக் கலைத்தார்கள், அப்புறம் விசாரணை இல்லாமல் உள்ளே வைக்கும் மிசா சட்டம் வந்தது. சென்னை மத்திய சிறையில் நடந்த அடிதடியை நீதிபதி இஸ்மாயில் கமிஷன் பிறகு விசாரித்தது. சென்னையின் முன்னாள் மேயர் சிட்டிபாபு அந்த அடியின் விளைவால் 1977 ஜனவரியில் இறந்துபோனார்.

இதில் நாம் மறந்துவிடுகிற ஒன்று இருக்கிறது. வட இந்தியா முழுக்க இந்திரா துடைத்தெறியப்பட்ட அந்த 1977 மார்ச் தேர்தலில் தமிழ்நாட்டில் காங்கிரஸ் - அதிமுக அணி 39-க்கு 34 இடம் ஜெயித்தது. மதுரையிலும் காங்கிரசின் ஆர்.வி. சுவாமிநாதன்தான். ஆக நெருக்கடி நிலைக்காக அவரைத் தண்டித்தது அவருடைய சொந்தத் தொகுதியான ராய்பரேலி, நாம் இல்லை. மன்னிப்பு யாருக்குத் தேவைப்பட்டது, யார் அதை எதிர்பார்த்தார்கள் என்று பார்க்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரே மாதத்தில் இரண்டு மேடை

1978 ஜனவரியைத்தான் நான் இந்த விஷயத்தின் கழுத்து நரம்பு என்று நினைக்கிறேன். அந்த மாதம் டெல்லி பாட்டியாலா ஹவுசில் ஷா கமிஷன் முன்னால் இந்திரா வந்து நிற்கிறார். முன்னாள் தலைமை நீதிபதி ஜே.சி. ஷா பிரமாணம் எடுத்துச் சாட்சி சொல்லச் சொல்கிறார், அவர் மறுக்கிறார். சட்டப்படி நான் கட்டுப்பட்டவள் இல்லை, அமைச்சராக எடுத்த ரகசியக் காப்பு உறுதிமொழி இருக்கிறது என்பது அவர் தரப்பு. அந்த வாதத்தை வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது, தோற்றுப்போன பிரதமரை ஜெயித்த கட்சி நியமித்த கமிஷன் விசாரிக்கிறது என்றால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். சரி. ஆனால் அதே மாதம் 24-ஆம் தேதி மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் ஒரு பொதுக்கூட்டத்தில் பேசும்போது, நெருக்கடி நிலைக் காலத்து அத்துமீறல்களுக்கெல்லாம் நானே பொறுப்பு, தவறு செய்த மற்றவர்கள் ஒப்புக்கொள்ள முன்வராவிட்டாலும் நான் ஏற்றுக்கொள்கிறேன் என்கிற தோரணையில் பேசினார். குறுக்குக் கேள்வி கேட்க ஆள் இருக்கிற இடத்தில் வாயைத் திறக்கவில்லை, கைதட்ட ஆள் இருக்கிற இடத்தில் எல்லாப் பொறுப்பையும் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார்.

அப்புறம் எதற்குப் பொறுப்பேற்றார் என்பதையும் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். அத்துமீறல்களுக்கு. நெருக்கடி நிலையைக் கொண்டுவந்ததே தப்பு என்று அவர் ஒப்புக்கொள்ளவில்லை, அது அன்றைக்குத் தேவையாக இருந்தது என்றுதான் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். அதாவது உத்தரவு சரி, நிறைவேற்றியவர்கள் கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டார்கள், அவர்களுக்காக நான் வருந்துகிறேன். இப்படிச் சொல்லும்போது தவறு கீழே இருக்கிறவன் கைக்குப் போய்விடுகிறது, பெருந்தன்மை மட்டும் மேலே தங்கிவிடுகிறது. நம்ம ஊரில் வார்டு கவுன்சிலரில் இருந்து அமைச்சர் வரை இந்த வித்தை தெரியாதவர் கிடையாது. "ஆபீசர்க பண்ணிட்டாங்கண்ணே, இருந்தாலும் நான் பொறுப்பு ஏத்துக்கிறேன்" என்பது என்ன, இதேதான்.

மதுரை, அக்டோபர் 1978

யவத்மால் பேச்சுக்கு ஒன்பது மாதம் கழித்து, அக்டோபர் இறுதியில் இந்திரா மதுரைக்கு வந்தார். பதவியில் இல்லை, நாடாளுமன்றத்திலும் இல்லை, சிக்மகளூர் இடைத்தேர்தலில் ஜெயித்து உள்ளே போவது அதற்கு அடுத்த வாரம்தான். திமுக கறுப்புக்கொடி காட்ட அழைப்பு விட்டிருந்தது. கறுப்புக்கொடி கல்லாகவும் கட்டையாகவும் மாறிவிட்டது. அவருடன் காரில் வந்த பழ. நெடுமாறன் தன் உடம்பைக் குறுக்கே வைத்து அடியை வாங்கிக்கொண்டார், அதனால்தான் இந்திரா பெரிய காயமில்லாமல் தப்பினார். அன்றைக்கு நெடுமாறன் தமிழ்நாட்டுக் காங்கிரசின் முன்வரிசைத் தலைவர். மதுரையில் எழுபது வயதைத் தாண்டிய யாரிடமும் கேளுங்கள், இந்த நாளைப் பற்றி ஒரு கதை வைத்திருப்பார்கள், பாதிக்கதை நேரில் பார்த்தது, மீதி மறுநாள் பேப்பரில் படித்தது, எது எது என்று அவர்களுக்கே பிரிக்கத் தெரியாது.

எனக்கு ஒரு தூரத்து மாமா, பழைய திமுக, மில்லில் வேலை பார்த்தவர், அன்றைக்குக் கூட்டத்தில் நின்றவர். கல் எறிந்தாரா என்று கேட்டால் மட்டும் சிரிப்பார். நான் அவரிடம் கேட்டது வேறு. "மாமா, அந்தம்மா ஜனவரியிலயே மன்னிப்புக் கேட்டாச்சுல்ல, அப்புறமும் எதுக்குக் கல்லு?" என்றேன். வெற்றிலையை ஒதுக்கிவிட்டு நிதானமாகச் சொன்னார்: "அடிச்சது தப்புத்தான் மாப்ள, பொம்பளைய, அதுவும் பெரிய மனுஷிய. அத நான் இல்லேங்கல. ஆனா எங்கிட்டுப் போயி யாருகிட்ட மன்னிப்புக் கேட்டாக? யவத்மாலு எங்கன இருக்கு? எங்க வட்டச் செயலாளரு ஒரு வருசம் உள்ள கெடந்தாரு, பொண்டாட்டி அப்பளம் போட்டு வித்துச்சு. அந்த வீட்டுக்கு ஒரு கார்டு வந்துச்சா?"

அந்த ஒரு கார்டு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. மேடையில் கேட்கும் மன்னிப்பு எல்லோருக்கும் போகிறது, அதனால் குறிப்பாக யாருக்கும் போவதில்லை. அடிபட்டவன் பெயர் அதில் இருக்காது, அவன் ஏற்றுக்கொண்டானா என்று திரும்பிப் பார்க்கவும் வேண்டியதில்லை. அவனுக்காக வேறு யாராவது ஏற்றுக்கொண்டுவிடுவார்கள்.

அதுதான் நடந்தது. மதுரைக் கல்வீச்சுக்கு ஒரு வருடம் ஆவதற்குள், 1979 செப்டம்பரில், திமுகவும் இந்திரா காங்கிரசும் கைகோத்துவிட்டன. "நேருவின் மகளே வருக, நிலையான ஆட்சி தருக" என்று கலைஞர் வரவேற்றார். அம்மையார் நடந்ததற்கு வருத்தம் தெரிவித்துவிட்டார், அதனால்தான் சேர்ந்தோம் என்பது திமுக தரப்பு இன்றைக்கும் சொல்லும் விளக்கம். ஜனதா அரசு கவிழ்ந்து கிடந்த நேரம், திமுக ஆட்சி மீதான ஊழல் புகார்களை விசாரித்த சர்க்காரியா கமிஷனின் வழக்குகள் திமுக தலைமையின் தலைக்கு மேல் தொங்கிய நேரம் (அவை எதுவும் தண்டனையில் முடியவில்லை), எம்.ஜி.ஆர். ஆட்சியில் இருந்த நேரம். இத்தனையும் இருக்கும்போது வருத்தம் தெரிவித்ததுதான் காரணம் என்று நம்புவதற்கு நிறைய நல்ல மனது வேண்டும். மாமா எதுவும் சொல்லவில்லை, கட்சி சொன்னதைச் செய்தார்.

அடியை வாங்கிய நெடுமாறனோ அதே 1979-இல் காங்கிரசை விட்டு வெளியேறித் தமிழ்நாடு காமராசர் காங்கிரஸ் என்று தனிக்கட்சி தொடங்கினார். கறுப்புக்கொடி பிடித்தவர்கள் அம்மையாருடன் சேர்ந்தார்கள், குறுக்கே நின்று காத்தவர் பிரிந்துபோனார். இதற்கு மேல் நான் ஒன்றும் சேர்க்க வேண்டியதில்லை.

ஐந்து வாரம்

1980 ஜனவரித் தேர்தலில் அந்த அணிக்குத் தமிழ்நாட்டில் 39-க்கு 37. மதுரையில் காங்கிரசின் ஏ.ஜி. சுப்புராமன். அதிமுகவுக்குக் கிடைத்தது கோபிசெட்டிபாளையமும் சிவகாசியும் மட்டும். ஜனவரி 14 அன்று இந்திரா மறுபடி பிரதமர் ஆனார். மன்னிப்பு வேலை செய்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். இப்போதுதான் பரீட்சை, ஏனென்றால் பதவி இல்லாதபோது கேட்ட மன்னிப்பின் பொருள் பதவி திரும்பி வந்த பிறகுதான் தெரியும். அதுவரை அது வெறும் முன்பணம் கொடுக்காத ஒப்பந்தம்.

பிப்ரவரி 17. பதவியேற்று ஐந்து வாரத்துக்குள் ஒன்பது மாநில ஆட்சிகள் ஒரே வீச்சில் கலைக்கப்பட்டன. அதில் தமிழ்நாடும் ஒன்று. நான்கு வருடத்துக்கு முன் கலைஞர் மேல் பாய்ந்த அதே 356, இப்போது எம்.ஜி.ஆர். மேல். மக்களவைத் தேர்தலில் தோற்றுவிட்டதால் அந்த ஆட்சிகள் மக்களின் நம்பிக்கையை இழந்துவிட்டன என்பதுதான் வாதம். இதை நாங்கள் கண்டுபிடிக்கவில்லை, 1977-இல் ஜனதா அரசு காங்கிரஸ் ஆண்ட ஒன்பது மாநிலங்களுக்குச் செய்ததைத்தான் செய்கிறோம் என்று காங்கிரஸ்காரர்கள் சொன்னார்கள், அது உண்மையும்கூட. ஜனநாயகத்தை மீட்டவர்கள் என்று பெயர் வாங்கியவர்களும் அந்தக் கத்தியைத் தொட்டிருக்கிறார்கள். ஆனால் ஜனதாக்காரர்கள் 356-க்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்டிருக்கவில்லை. இவர் பொறுப்பேற்றவர்.

அதே வருட இறுதியில் தேசியப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மிசாவை ஜனதா ஆட்சி ரத்து செய்திருந்தது, விசாரணை இல்லாமல் உள்ளே வைக்கும் அதிகாரம் வேறு பெயரில் வீடு திரும்பியது. ஷா கமிஷன் அறிக்கைகளோ புழக்கத்தில் இருந்தே காணாமல் போயின. ஆட்சி மாறியதும் பிரதிகளைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். நம்ம ஊர் நாடாளுமன்றவாதி இரா. செழியன் தன் வீட்டில் இருந்த பிரதியைத் தேடி எடுத்து 2010-இல் மறுபதிப்பாகக் கொண்டுவந்தார், அதனால் இன்று நாம் படிக்க முடிகிறது. மன்னிப்புக் கேட்டவர் காலத்தில், எதற்காக மன்னிப்பு என்று எழுதிவைத்திருந்த தாள் கிடைக்காமல் போனது என்பது எனக்கு 356-ஐ விடவும் உறுத்துகிறது.

இந்திராவுக்குச் சேர வேண்டியதையும் கொடுத்துவிட வேண்டும். 1977 தேர்தலை அறிவித்தது அவர்தான், தோற்றதும் எழுந்து போனார். 1980-க்குப் பிறகு இறக்கும் வரை உள்நாட்டு நெருக்கடி நிலையை மறுபடி அறிவிக்கவில்லை. பஞ்சாபும் அசாமும் எரிந்துகொண்டிருந்தபோதும் அறிவிக்கவில்லை. மனம் மாறியதாலா, 44-ஆவது திருத்தம் "உள்நாட்டுக் குழப்பம்" என்ற பழைய காரணத்தை எடுத்துவிட்டு "ஆயுதமேந்திய கிளர்ச்சி" என்று கதவை ஒடுக்கிவிட்டதாலா என்பதற்கு ஆளுக்கொரு பதில் இருக்கும். நான் கதவு பக்கம்.

ஒன்பதாயிரம் ரூபாய்

இதே சில வாரங்களில் நம்ம பக்கத்தில் இன்னொருவரும் ஒரு தப்பைத் திருத்திக்கொண்டிருந்தார், அதை யாரும் மன்னிப்புக் கணக்கில் சேர்ப்பதில்லை. 1979 ஜூலையில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் ஆணை போட்டது: ஆண்டு வருமானம் 9,000 ரூபாய்க்கு மேல் போனால் அந்தக் குடும்பத்துக்குப் பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீடு கிடையாது. ஒன்பதாயிரம் என்றால் மாதம் 750. வீட்டில் புருஷன் மில்லிலும் மனைவி பள்ளிக்கூடத்திலும் வேலை பார்த்தால் முடிந்தது, பிள்ளை போட்டியில் பொதுப்பிரிவுக்குப் போய்விடும். தாலுகா ஆபீஸ் வாசலில் வருமானச் சான்றிதழுக்கு நின்றவர்களுக்கு அந்தக் கோடு எந்த இடத்தில் விழுகிறது என்று உடனே புரிந்துவிட்டது. வருமானத்தை மறைக்க முடிந்த வியாபாரிக்குப் பிரச்சினையில்லை, சம்பளப் பட்டியலில் பெயர் இருக்கிறவனுக்குத்தான் அடி. திராவிடர் கழகமும் திமுகவும் கடுமையாக எதிர்த்தன. அவர் அசையவில்லை.

ஜனவரியில் 37 இடம் போனதும் அசைந்தார். 1980 பிப்ரவரி 1 அன்று வந்த ஆணை வருமான வரம்பை எடுத்ததோடு நிற்கவில்லை, பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டை 31 சதவீதத்தில் இருந்து 50 ஆகவும் ஏற்றியது. பதினாறு நாள் கழித்து ஆட்சி போனது. மே மாதத் தேர்தலில் எம்.ஜி.ஆர். நின்றது மதுரை மேற்குத் தொகுதியில், 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். பக்கத்து மதுரை மத்தியில் அதே அணியில் நின்ற நெடுமாறனும் ஜெயித்தார். அதிமுக 129 இடங்களோடு திரும்பி வந்தது.

இதை மக்கள் எம்.ஜி.ஆரின் திருத்தத்துக்குக் கொடுத்த பரிசு என்று நான் சொல்ல மாட்டேன். அனுதாபம் இருந்தது, சினிமா இருந்தது, நியாயம் கேட்டு அவர் ஊர் ஊராகப் போனதும் இருந்தது. எம்.ஜி.ஆரைப் புனிதராக்கவும் எனக்கு ஆசையில்லை, நெருக்கடி நிலையை ஆதரித்தவர் அவர், மத்திய அரசு கட்சியைத் தடை செய்துவிடுமோ என்ற பேச்சு ஓடிய நாட்களில் பெயருக்கு முன்னால் "அனைத்திந்திய" சேர்த்துக்கொண்டவர், 1982-இல் குண்டர் சட்டம் கொண்டுவந்தவரும் அவரே. வருமான வரம்பை எடுத்ததும் நூற்றுக்கு நூறு ஓட்டுப் பயத்தில்தான். ஆனால் பயத்தில் திருத்தினாலும் திருத்தியது திருத்தியதுதான். அந்த 50 சதவீதத்தை அவருக்குப் பின் வந்த யாராலும் கீழே இறக்க முடியவில்லை, அவர் மனம் மாறியிருந்தால்கூட அவராலேயே முடிந்திருக்காது.

என் அளவுகோல் அதுதான். ஒப்புக்கொள்கிறவரின் கண்ணில் தண்ணீர் வந்ததா, குரல் உடைந்ததா, மனசாரச் சொன்னாரா என்று நாம் ஜோசியம் பார்க்கிறோம். அதைப் பார்க்க நம்மிடம் கருவி கிடையாது, பெரிய தலைவர்கள் அத்தனை பேரும் நல்ல நடிகர்கள், தமிழ்நாட்டில் இதை நான் விளக்க வேண்டியதில்லை. தப்பைச் செய்ய உதவிய அதிகாரத்தில் எதைக் கையைவிட்டார் என்று கேட்டால் பதில் தாளில் இருக்கும். இந்திரா வருத்தத்தைக் கொடுத்தார், 356-ஐயும் தடுப்புக் காவலையும் கையிலேயே வைத்துக்கொண்டார். எம்.ஜி.ஆர். வருத்தம் எதுவும் பெரிதாகக் கொடுக்கவில்லை, ஆணையைக் கொடுத்துவிட்டார். இருவரையும் ஆளாக நம்பச் சொன்னால் நான் இருவரையும் நம்ப மாட்டேன். 1980 பிப்ரவரி 1 ஆணையை நம்புவேன்.

சின்னத் தப்புக்கும் இந்தக் கெடுபிடி தேவையா என்றால் வேண்டியதில்லை. 2017-இல் வைகை அணையில் தண்ணீர் ஆவியாகாமல் இருக்கத் தெர்மாகோல் மிதக்கவிட்டது காற்றில் கரை ஒதுங்கியது, ஊர் சிரித்தது, மீம் போட்டது, 2021-இல் அதைச் செய்த அமைச்சர் செல்லூர் ராஜுவை அதே மதுரை மேற்கில் மறுபடி ஜெயிக்கவும் வைத்தது. யாரும் சிறைக்குப் போகவில்லை, சிரித்துக் கடந்தது சரிதான்.

தனக்கு நேரடித் தொடர்பில்லாத தப்பை ஒப்புக்கொள்வது இன்னும் சுலபம். 2021-இல் ராகுல் காந்தி, பாட்டி கொண்டுவந்த நெருக்கடி நிலை தவறுதான் என்றார். நல்ல விஷயம், இந்திரா வாயில் வராத சொல் அது. ஆனால் அதைச் சொல்ல அவர் எதையும் இழக்க வேண்டியிருக்கவில்லை.

356 கதை 1980-இலும் முடியவில்லை. 1988-இல் ஜானகி ஆட்சி, 1991 ஜனவரியில் மறுபடி கலைஞர் ஆட்சி, அதுவும் ஆளுநர் அறிக்கைகூட இல்லாமல், காங்கிரஸ் தாங்கி நின்ற சந்திரசேகர் அரசின் கையால். 1994-இல் பொம்மை வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, ஆட்சிக்குப் பெரும்பான்மை இருக்கிறதா என்பதைச் சட்டமன்றத்தில்தான் பார்க்க வேண்டும், குடியரசுத் தலைவரின் அறிவிப்பையும் நீதிமன்றம் பரிசீலிக்கலாம் என்று சொன்னது. அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் எந்த ஆட்சியும் அப்படிக் கலைக்கப்படவில்லை.

மாமாவிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டு, 1980-இல் யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்று கேட்டேன். "ஜனவரில கைச் சின்னத்துக்கு, மே மாசம் சூரியனுக்கு" என்றார். கை வலிக்கவில்லையா என்றதற்கு, "வலிச்சுச்சு, போட்டேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.